ஆளை எண்ணாத அக்கா

அக்காவுக்குக் கணக்கு நன்றாக வரும். கருவாட்டுக் கட்டைத் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லுவார். வெங்காயப் பாத்தியைச் சைக்கிளில் இருந்தபடி ஒரு பார்வை பார்த்து, இத்தனை மூட்டை தேறும் என்பார். தோட்டக்காரன் பிறகு கட்டும்போது ஒன்றிரண்டுக்கு மேல் பிசகாது. துடுப்பு, தண்ணீர்ப் போத்தல், சைக்கிள் பூட்டு எல்லாவற்றையும் விரல் நீட்டி எண்ணுவார். ஆளை மட்டும் எண்ணமாட்டார்.

இத்தனைக்கும் உல்லாசப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு திரிவதுதான் அவருடைய தொழில். ஆளை எண்ணாமல் அந்தத் தொழிலை எப்படிச் செய்வது என்று முதல் நாளே கேட்டேன். அவர் களப்புக் கரையில் விரித்திருந்த நீலத் தறப்பாளைக் காட்டினார். அதன் மேல் வெள்ளைக்காரர் ஆறு பேருடைய செருப்புகள் வரிசையாக இருந்தன.

"போகக்குள்ள கழட்டுவாங்க, வரக்குள்ள போடுவாங்க. செருப்பு மிஞ்சினா ஆள் மிஞ்சிப் போச்சு எண்டு அர்த்தம். பிறகு என்னத்துக்கு எண்ணுற?"

கற்பிட்டிக் களப்பு ஆழமில்லாத கடல்நீர்ப் பரப்பு. கரையோரம் பல இடங்களில் முழங்கால் அளவுதான். வருகிறவர்கள் கயாக்கில் ஏறினாலும், கண்டல் மரங்களுக்குள் நடந்தாலும், நடுவிலுள்ள மணல்திட்டுக்குத் தண்ணீரில் இறங்கிப் போனாலும் வெறுங்காலோடுதான் போகவேண்டும். ஆகவே தறப்பாள் முறை பிழையில்லாமல்தான் நடந்தது. அக்கா செருப்பைப் பார்த்தே ஆளை எடைபோடுவார். பளபளப்பான தோல் செருப்பைக் கண்டால், "இவர் பாதியில திரும்புவம் எண்டு சொல்லுவார்" என்பார். சொன்னது போலவே அந்த மனிதர் கண்டல் சேற்றில் கால் வைத்ததும் முகத்தைச் சுளிப்பார். ஒரு முறை புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. பெண் தன் செருப்பை வரிசையின் ஒரு நுனியிலும் மாப்பிள்ளை தன்னுடையதை மற்ற நுனியிலும் கழற்றி வைத்தார்கள். "ரெண்டும் சண்டை. வெவ்வேற கயாக்கில ஏத்து" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் அப்படியே ஏற்றினேன். திரும்பி வரும்போது இரண்டு கயாக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

என் வேலை மொழிபெயர்ப்பு. அக்காவுக்குத் தமிழும் சிங்களமும்தான். ஆங்கிலத்தில் "கம்", "கோ", "வின்ட்" என்ற மூன்று சொற்கள் வைத்திருந்தார். நான் தில்லையடிக்காரி. குவைத்தில் ஒரு வீட்டில் ஐந்து வருஷம் வேலை பார்த்து, கொஞ்சம் ஆங்கிலமும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக அரபும் பழகி ஊருக்குத் திரும்பியிருந்தேன். திரும்பியபோது என் மாப்பிள்ளை அனுராதபுரத்துப் பக்கம் வேறொரு பெண்ணோடு குடியிருந்தார். நான் அனுப்பிய சல்லியில் வாங்கிய அலுமாரி வீட்டில் இருந்தது. அதற்குள் அவருடைய உடுப்பு ஒன்றும் இல்லை. உம்மா மூன்று நாள் அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பசி வந்தால் சாப்பிட்டேன், தூக்கம் வந்தால் தூங்கினேன். "இவளுக்கு ஒண்டும் உறைக்குதில்ல" என்று உம்மா அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தா. பிறகு கற்பிட்டியில் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவைத்தா. உம்மாவின் தங்கையாகிய சாச்சிதான் என்னை அக்காவிடம் கொண்டுபோய் விட்டவர்.

ஒன்றும் உறைக்காதவளுக்கு மொழிபெயர்ப்பு நல்ல வேலை. ஒருவர் சொன்னதை வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்தால் போதும். நடுவில் நான் இருக்கத் தேவையில்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கத்தோலிக்கக் கடற்றொழில் குடும்பம். கல்யாணம் செய்யவில்லை. அகன்ற தோள், வெயிலில் கறுத்த முகம். சட்டைக்கு மேல் ஆண்பிள்ளைகளின் நீளக்கை சேட் ஒன்று, தலையில் பனையோலைத் தொப்பி, கழுத்தில் ஜெபமாலை. அவருடைய சைக்கிளுக்கு மணி கிடையாது. ஆட்களை விலகச் சொல்ல வேண்டுமானால் தொண்டையைச் செருமுவார். பன்னிரண்டு சைக்கிள், எட்டு கயாக், களப்போரம் ஒரு ஓலைக் கொட்டில், இவ்வளவும் அவர் தனியாகச் சேர்த்தவை.

காலை ஆறரைக்குச் சைக்கிளில் புறப்படுவோம். கருவாடு காயும் வாடிகளைக் கடந்து, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் போய், கோட்டை மதிலோரம் கொஞ்சம் நின்று, திரும்பக் களப்புக் கரைக்கு வருவோம். அக்கா எந்த இடத்திலும் விளக்கம் சொல்லமாட்டார். ஒல்லாந்தர் எந்த ஆண்டு கோட்டையைக் கட்டினார்கள் என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். "அவங்க கட்டக்குள்ள நான் பிறக்கல்ல எண்டு சொல்லு" என்றார். நான் அதையே சொன்னேன். அந்த மனிதர் சிரித்து, தன் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காற்று விஷயத்தில் மட்டும் அக்கா கறார். கச்சான் என்கிற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கு முன்னால் எல்லாரும் கரையேறிவிட வேண்டும். காற்று எழும்பினால் களப்புத் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கும். காலையில் நடந்து போன மணல்திட்டு சிறிது சிறிதாக மூடும். திட்டுக்கும் கரைக்கும் இடையே ஓர் ஓடை உண்டு. காலையில் இடுப்பளவு இருக்கும் அந்த ஓடை, காற்று வந்த பிறகு நீந்தத் தெரிந்தவரையும் இழுக்கும். "வின்ட்" என்று ஒரு சொல் சொல்லித் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவார். பின்னால் பார்க்கமாட்டார். படம் எடுத்துக்கொண்டு நிற்பவர்கள் முணுமுணுத்தபடி ஓடி வருவார்கள்.

அவர் எண்ணாததற்கான காரணத்தை இரண்டாம் வருஷம்தான் சொன்னார். சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது நானாகக் கேட்டேன். அவர் காற்றடிப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

"எங்கட கரையில தொழிலுக்குப் போற ஆக்கள எண்ணப்படாது. எங்க போறீங்க எண்டும் கேக்கப்படாது. எனக்கு அப்ப இருவத்தொரு வயசு. விடிய அப்பா, அண்ணன், தம்பி மூண்டு பேரும் வள்ளத்தத் தள்ளிக்கிட்டு இருக்கிறாங்க. ஒரு பொம்புள புத்தகத்தோட வந்திச்சி, நிவாரணத்துக்குப் பேர் பதிய. இந்த வள்ளத்தில எத்தின பேர் போறதெண்டு என்னட்டக் கேட்டிச்சி. நான் விரல நீட்டி ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணிச் சொன்னன். அம்மா ஓடி வந்து என்ட கையில அடிச்சா."

டயரை அமுக்கிப் பார்த்தார். இன்னும் நாலு தரம் அடித்தார்.

"ரெண்டு பேர்தான் வந்தாங்க. தம்பி வரல்ல. அம்மா சாகுமட்டும் என்னோட கதைக்கல்ல."

தம்பிக்கு என்ன வயது என்று கேட்டேன். பத்தொன்பது என்றார். நான் அடுத்த சைக்கிளை உருட்டிக் கொடுத்தேன். அவருடைய முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் கதை அவருக்குள் எப்போதோ இறுகிப்போய்விட்டது. மனம் மரத்துப்போன இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது சுகமாகத்தான் இருந்தது. ஒருவரையொருவர் தேற்ற வேண்டிய தொல்லை இல்லை.

ஆனால் நான் அவரிடம் ஒன்றை மறைத்தேன். நான் எண்ணினேன்.

எண்ணாமலிருக்க எனக்கு முடியாது. குவைத் வீட்டில் ஏழு பிள்ளைகள். கடைத்தெருவுக்குப் போனாலும் கடற்கரைக்குப் போனாலும் அவர்களை எண்ணிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. ஒன்று குறைந்தால் என் தோல் உரிந்துவிடும். அந்தப் பழக்கம் ஊருக்கும் கூடவே வந்துவிட்டது. நாலு பேரைக் கண்டால் நாக்கு தானாக அசையும். வாஹித், இஸ்னைன், தலாத்தா என்று அரபில்தான் வரும். பயணிகள் தண்ணீரில் இறங்கும்போது கொட்டில் ஓரத்தில் நின்று வாய்க்குள் எண்ணுவேன். கரையேறும்போதும் எண்ணுவேன். அக்கா என் உதடு அசைவதைக் கவனித்திருக்கிறார்.

"ஓதுறியா தங்கச்சி?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஓம் அக்கா" என்றேன்.

நான் குர்ஆன் ஓதுகிறேன் என்று நினைத்த அவருக்கு அது பிடித்துப்போனது. அதற்குப் பிறகு ஆட்கள் இறங்கும் நேரம் நான் வேறு வேலையாக இருந்தால் கூப்பிடுவார். "வந்து ஓது, ஆக்கள் இறங்கப்போறாங்க" என்பார். தெரிந்தவர்களிடம், "எங்கட தங்கச்சிட ஓதல்தான் எல்லாரையும் கொண்டுவந்து சேர்க்கிற" என்று பெருமையாகச் சொல்லுவார். மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிற மனிசி, என் வாயிலிருந்து வரும் அரபு எண்களை நம்பித் தொழில் செய்துகொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். அந்தக் காலத்தில் எனக்கு வெட்கமும் வரவில்லை. மூன்று வருஷம் அப்படியே போனது.

அந்த மூன்றாம் வருஷத்தின் கடைசியில், கச்சான் காற்று மாதத்தில் கொழும்பிலிருந்து ஓர் அலுவலகக் கூட்டம் வந்தது. பத்துப் பேர் என்று தொலைபேசியில் பதிந்திருந்தார்கள். காலையிலேயே வேனில் வந்து இறங்கினார்கள். மனேஜர், அவருக்குக் கீழே இரண்டு மூன்று பெரியவர்கள், மற்றவர்கள் இளம் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே நிற பெனியன். பதினோராவதாக ஒரு பெண் இறங்கினாள். அவளுக்குப் பெனியன் இல்லை. என் வயது இருக்கும். அலுவலகத்தில் தேத்தண்ணி ஊற்றுகிறவள். பிளாஸ்க், கோப்பை, பிஸ்கட் எல்லாம் வைத்த கூடையோடு வந்தாள். தமிழ்ப் பெண்தான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

பத்துச் சோடிச் செருப்பும் சப்பாத்தும் தறப்பாளில் வரிசையாக இருந்தன. எல்லாரும் தண்ணீரில் இறங்கித் திட்டுக்கு நடந்தார்கள். முன்னால் அக்கா, கடைசியில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண். நான் கரையில் நின்று எண்ணினேன். அஷரா. பத்து. சரி.

திட்டில் அவர்களுக்கு அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததைக் கரையிலிருந்தே பார்த்தேன். பெனியன்காரர்கள் குதித்துக் குதித்துப் படம் எடுத்தார்கள். ஒன்பதரைக்கே தண்ணீர் சிலிர்க்கத் தொடங்கியது. அக்கா "வின்ட்" என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் திரும்பினார்கள். நான் எண்ணினேன். பத்து. செருப்புகள் ஒவ்வொன்றாகத் தறப்பாளை விட்டுப் போயின. அக்கா அதை உதறி மடித்து இடுக்கிக்கொண்டார்.

அவர்கள் உடுப்பு மாற்றினார்கள். பாட்டுப் போட்டார்கள். அரை மணி நேரம் போயிருக்கும். காற்று நன்றாக எழும்பிவிட்டது. மனேஜர் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு, தேத்தண்ணி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

தேத்தண்ணி ஊற்றுகிறவள் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டாள். வேனுக்குள் பார்த்தார்கள். கக்கூசுப் பக்கம் போய்க் கூப்பிட்டார்கள். அவளுடைய பெயர் அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

அக்கா மடித்த தறப்பாளை விரித்தார். அதில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, செருப்பு ஒண்டும் மிஞ்சல்லயே."

நான் களப்பைப் பார்த்தேன். திட்டு இருந்த இடத்தில் மணல் தெரியவில்லை. தண்ணீருக்கு நடுவில் ஒருத்தி நின்றாள். முழங்காலுக்கு மேல் தண்ணீர். தலையில் கூடை. அவள் கையை ஆட்டவில்லை, கத்தவும் இல்லை. அப்படியே நின்றாள்.

அவளை நான் பார்த்திருந்தேன். வேனிலிருந்து இறங்கும்போது பார்த்தேன், தண்ணீரில் இறங்கும்போதும் பார்த்தேன். என்னைப் பார்த்து அவள் சிரித்தாள். அப்படியிருந்தும் என் வாய் பத்தோடு நின்றுவிட்டது. குவைத்தில் பிள்ளைகள் ஏழையும் எண்ணிய என்னை ஒருவரும் எண்ணியதில்லை. ஒரு முறை கடற்கரையில் என்னை விட்டுவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். அதைப் பட்டவள்தான் அவளை விட்டுவிட்டு எண்ணினேன். இது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அக்கா ஒரு கயாக்கை இழுத்துத் தண்ணீரில் போட்டார். தொப்பி பறந்து போனது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காற்றுக்கு எதிரே துடுப்புப் போட்டுப் போவது இலேசான வேலையில்லை. இரண்டு பாகம் முன்னேறினால் ஒரு பாகம் பின்னால் தள்ளும். ஓடையை அவர் குறுக்காகப் பிடித்துப் போனார். கரையில் இருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு பிள்ளை அழுதாள். மனேஜர் கைப்பேசியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் அந்தப் பெண்ணின் இடுப்புக்கு வந்தது, பிறகு அதற்கும் மேலே வந்தது. அக்கா அவளை எட்டிப் பிடித்தபோது கயாக் ஒரு தரம் கவிழ்ந்தது. இரண்டு தலையும் தெரியவில்லை. பிறகு இரண்டும் தெரிந்தன. அக்கா கயாக்கை நிமிர்த்தவில்லை. கவிழ்ந்த கயாக்கின் முதுகில் அவளைக் குப்புறப் போட்டு, கயிற்றைத் தன் தோளில் மாட்டி, காற்று தள்ளுகிற பக்கமே மிதந்து, கரையில் எங்களுக்குக் கால் மைலுக்கு அப்பால் வந்து சேர்ந்தார்.

நாங்கள் ஓடிப்போனோம். அந்தப் பெண் உயிரோடு இருந்தாள். உடம்பெல்லாம் நடுங்கியது. ஒரு கையில் கூடையின் பிடியை இன்னும் விடாமல் வைத்திருந்தாள்.

"கோப்பை ரெண்டு போயிட்டு" என்று மனேஜரைப் பார்த்துச் சொன்னாள்.

அவர், ஏன் பின்தங்கினாய் என்று ஏசத் தொடங்கினார். அக்கா அவரைக் கதைக்க விடவில்லை. கொட்டிலுக்கு வந்து சேர்ந்ததும் மனேஜர் முன்பு சாய்ந்திருந்த கதிரையில் அவளை உட்காரவைத்தார். தன் கையால் தேத்தண்ணி போட்டு, சீனி நிறையப் போட்டு, அவளிடம் கொடுத்தார். மற்ற யாருக்கும் ஊற்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"என்னம்மா நடந்த?" என்று கேட்டார்.

"மத்தப் பக்கம் போய்க் கோப்பை கழுவினன். தண்ணி நல்லா இருந்திச்சி. கொஞ்ச நேரம் கால வச்சிக்கிட்டு இருக்கலாமெண்டு இருந்தன். கடலெல்லாம் நான் இப்படிப் போய்ப் பார்த்ததில்ல. திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல."

"செருப்பு? செருப்பெங்க வச்சீங்க?"

"வேனுக்குள்ள. சீட்டுக்குக் கீழ." அவள் தயங்கினாள். "அந்தத் தறப்பாள் டூர் வந்த ஆக்களுக்கெண்டு நெனச்சன்."

அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பருவத்தோடு அவர் தண்ணீர்ப் பயணங்களை விட்டார். இணையத்தில் யாரோ எழுதினார்கள், ஆட்களை எண்ணக்கூடத் தெரியாத இடம் என்று. பிறகு ஓர் அலுவலர் படிவத்தோடு வந்து, இறங்கும்போதும் ஏறும்போதும் ஆட்களை எண்ணிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா படிவத்தை வாங்கிக் கொட்டில் ஓலையில் செருகிவைத்தார். கயாக்குகளை ஒரு ஹோட்டல்காரர் வாங்கிக்கொண்டு போனார். சைக்கிள் மட்டும் ஒரு வருஷம் ஓடியது. அதுவும் ஏனோதானோவென்றுதான். அந்த விஷயம் பற்றி அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிழை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். "செருப்பப் பார்த்தன், முகத்தப் பார்க்கல்ல" என்று ஒரு நாள் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் பலமுறை மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறேன். அது எனக்கும் சரியாகத்தான் பொருந்தியது.

சிலாபத்துப் பக்கமிருந்து நிறையப் பேர் இத்தாலிக்குப் போகிறார்கள். அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி அங்கே இருந்தாள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அக்காவைக் கூப்பிட்டாள். போவதற்கு முதல் நாள் நான் வழியனுப்பப் போனேன். அக்கா பெட்டிக்குள் உடுப்புகளை அடுக்கியபடியே கேட்டார்.

"அண்டைக்கு நீ ஓதினியா தங்கச்சி?"

"ஓம் அக்கா. ஓதினன்."

"அதுதான் அந்தப் பிள்ளை தப்பினது" என்றார். என் தலையைத் தடவினார். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவர் போன பிறகு அது என்னை அரிக்கத் தொடங்கியது. குளிக்கும்போது, பஸ்ஸில் இருக்கும்போது, உம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. பொய் சொன்னது மட்டும் காரணமில்லை. மூன்று வருஷம், மழை நாட்களைக் கழித்தால் எத்தனையோ நூறு காலை, நான் ஆட்களை எண்ணித்தான் அனுப்பினேன். எண்ணிய ஆள் ஒருவர் விடாமல் கரைக்கு வந்தார். எண்ணாமல் விட்ட ஒருத்திதான் திட்டில் நின்றாள். அப்படியென்றால் அக்கா இருபத்தொரு வயதில் விரல் நீட்டி எண்ணியதற்கும் தம்பி வராமல் போனதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருடைய அம்மா அடித்தது வீண், கதைக்காமல் செத்துப்போனதும் வீண். இதைச் சொல்ல ஆள் நான் ஒருத்திதான். சொல்லிவிட்டால் அந்த மனிசி தோளிலிருந்து ஒரு பெரிய சுமை இறங்கும் என்று நினைத்தேன். இறக்கி வைக்கிற ஆளாக நான் இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படியும் மூன்று வருஷம் இழுத்தடித்தேன். அக்கா மாதம் ஒரு முறை கூப்பிடுவார். சாச்சியின் சுகம், உம்மாவின் கால், வெங்காய விலை என்று கதை போகும். போன மாதம் ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டார். வியாழன் பின்னேரம் அவருக்கு லீவு. அவர் இருக்கும் ஊரில் ஒரு பெரிய ஏரி இருக்கிறதாம். லீவு நாளில் அதன் கரையோரமாக நடப்பாராம்.

"இண்டைக்கு வாடகைச் சைக்கிள் எடுத்தன் தங்கச்சி. பெல்லெல்லாம் இருக்கு. ஏரிக்கரை சுத்தி வந்தன். ஊர் பார்க்க வந்த ஆக்கள் கும்பல் கும்பலா நிக்கிறாங்க, நம்மட ஆக்கள் மாதிரியே. ஒரு பொடியன் கயாக் விடுறான். விரல நீட்டி ஒவ்வொரு ஆளா எண்ணி எண்ணி ஏத்துறான். எனக்குப் பார்க்க ஏலாமப் போச்சு. எண்டாலும் நிண்டு பார்த்தன். ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தன். எல்லாரும் வந்திட்டாங்க."

இதற்கு மேல் பொறுத்திருக்க எனக்கு முடியவில்லை.

"அக்கா, ஒண்டு சொல்லணும். நான் ஓதல்ல. ஒரு நாளும் ஓதல்ல. எண்ணினன்."

"என்ன?"

"ஆக்கள எண்ணினன், அரபில. உங்களுக்கு ஓதுறன் எண்டு பொய் சொன்னன். அந்த மூண்டு வருஷமும் எண்ணினன். அந்தப் பிள்ளையை மட்டுந்தான் எண்ணாம விட்டன். அது என்ட பிழை, உங்கட பிழை இல்ல."

அந்தப் பக்கம் சைக்கிள் மணி ஒன்று கேட்டது. யாரோ அவரைக் கடந்து போயிருக்க வேண்டும்.

"ஒவ்வொரு நாளுமா எண்ணின?"

"ஒவ்வொரு நாளும்."

"எண்ணின ஆக்கள் எல்லாரும் வந்தாங்களா?"

"எல்லாரும் வந்தாங்க அக்கா. ஒருத்தர் விடாம."

நான் காத்திருந்தேன். அழுவார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் ஏசுவார், அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன். அவர் கேட்டார். அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. வழி தெரியாத ஊரில் இறங்கிய ஒரு சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"அப்ப என்ட தம்பி ஏன் வரல்ல?"

இத்தனை வருஷமும் அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. கொடுமையான பதில்தான். நான் அதைப் பிடுங்கிவிட்டேன், வேறொன்றைக் கொடுக்கவும் என்னிடம் இல்லை. கண்ணில் நீர் வந்தது. இத்தனை காலமும் வராதது.

"சொல்லு தங்கச்சி" என்றார் அக்கா. போனை அவர் வைக்கவில்லை.